போகிப் புகையும் சைலண்ட் ஹில்லும்

எங்க பொழிச்சலூர்ல போகி அன்னிக்கு விடியக்காலைல வெளியே வந்து பாத்திருக்கீங்களா? வேணாம், பாக்காதீங்க. டயர் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து எதிர் வீட்டு கேட்டே தெரியாது. ஏர்போர்ட் ரன்வேக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற ஊரு. மத்த நாள்ல மொட்டை மாடியில நின்னா விமானத்தோட வயித்தைப் பாக்கலாம். 2018 போகி அன்னிக்கு புகையில இறங்க முடியாம விமானங்களை வேற ஊருக்குத் திருப்பி விட்டாங்க. பொறந்ததுலேர்ந்து நடக்கிற தெரு, அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் யாரோ முன்பின் தெரியாதவங்க தெரு மாதிரி ஆயிடும்.

இந்தப் புகைக்கும் வீடியோ கேமுக்கும் என்னடா சம்பந்தம்னு கேட்கறீங்களா? இருக்கு. ஆபீஸ்ல ஆணி புடுங்கின நேரம் போக, ஒரு வருஷமா வீட்டுல உக்காந்து சின்னதா ஒரு கேம் பண்ணிட்டிருக்கேன். விக்கிறதுக்கு இல்லை. எங்க ஆயாவோட ஓட்டு வீடு. இப்போ அந்த இடத்துல ஃபிளாட் இருக்கு, ஆயாவும் இல்லை. நாலஞ்சு போட்டோவை வெச்சு திண்ணை, முற்றம், சமையல்கட்டு எல்லாம் அளவெடுத்த மாதிரி செஞ்சேன். செஞ்சு முடிச்சுப் பாத்தா ரியல் எஸ்டேட் விளம்பரம் மாதிரி பளபளன்னு நிக்குது. எங்க தப்பு பண்ணினேன்னு பழைய கேமெல்லாம் தோண்ட ஆரம்பிச்சதுதான் இந்தக் கதை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில அப்பா வாங்கிக் கொடுத்த டிவி கேம், கூடவே '9999 இன் 1' கேசட். உள்ள உருப்படியா இருபது கேம்தான் இருக்கும், அது வேற விஷயம் :-) அதுல சூப்பர் மேரியோ. 1985ல வந்தது, மொத்த கேமும் 40 கேபிதான். இன்னிக்கு நாம வாட்ஸப்புல அனுப்புற குட்மார்னிங் படமே அதைவிடப் பெருசு. இடம் இல்லாததால அதுல மேகமும் புதரும் ஒரே படம். வெள்ளை அடிச்சா மேகம், பச்சை அடிச்சா புதர். அதே மாதிரிதான் ரெண்டாவது கட்டத்துல குழாய்க்குள்ள இறங்கறதும். வானம் கறுப்பாயிடும், செங்கல் நீலமாயிடும், பாட்டு மாறும். அவ்வளவுதான் செஞ்சிருக்காங்க. ஆனா எட்டு வயசுல எனக்கு அங்க குளிரும்! மத்தியான வெயில்ல கரண்ட் போற பயத்தோட உக்காந்திருக்கற பையனுக்கு, பாதாளத்துல இருக்கோம்னு தோண வைக்க ரெண்டு நிறம் போதுமா இருந்திருக்கு.

அடுத்தது 1999. ஜப்பான்ல கொனாமி கம்பெனி சைலண்ட் ஹில்னு ஒரு பேய் கேம் பண்றாங்க. காணாமப் போன மகளை ஒரு அப்பன் ஊரெல்லாம் தேடறான். முதல் பிளேஸ்டேஷன்ல நினைவகம் வெறும் 2 எம்பி. 1996ல வந்த ரெசிடென்ட் ஈவில் இந்தத் தலைவலியை வேற மாதிரி தாண்டிச்சு. அறைகளை எல்லாம் முன்னாடியே படமா வரைஞ்சு வெச்சுட்டு, அதுக்கு மேல ஆளை மட்டும் ஓட விட்டாங்க. சைலண்ட் ஹில்லுல அது நடக்காது. ஊர் முழுக்க நடக்கணும், தெருவை அந்தந்த நொடிக்கு வரைஞ்சாகணும். பத்து வீட்டுக்கு மேல வரைஞ்சா பொட்டி திணறும். அதனால பத்தடிக்கு அப்பால பனியைப் போட்டு மூடிட்டாங்க, ராத்திரின்னா இருட்டைப் போட்டு மூடிட்டாங்க. கையில ஒரு ரேடியோ. பிசாசு பக்கத்துல வந்தா கரகரன்னு சத்தம் போடும், ஆனா எங்கேர்ந்து வருதுன்னு கண்ணுக்குத் தெரியாது. மெஷினோட இயலாமையை அப்படியே பயமா மாத்திட்டாங்க பாருங்க, பொட்டி தட்டறவனா அந்த இடத்துலதான் எனக்குப் பொறாமையே.

இதோட அருமை அவங்களுக்கே மறந்து போச்சுங்கறதுதான் கூத்து. 2012ல பழைய பாகங்களைப் பளிச்சுனு மெருகேத்தி ஹெச்டி தொகுப்பா விட்டாங்க. ரெண்டாம் பாகத்துல பனி மெலிஞ்சு போச்சு. தண்ணிக்கு அந்தாண்ட உலகம் வெட்டின கேக் மாதிரி முடியறது அப்படியே தெரிஞ்சுது. பயம் போய் சிரிப்பு வந்துடுச்சு. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸுக்கும் இதே கதிதான். 2004ல வந்தப்ப அந்தப் புழுதி மூட்டத்தால ஒரு ஊர்லேர்ந்து இன்னொரு ஊருக்குப் போறது திருச்சிக்கு பஸ் ஏறின மாதிரி இருக்கும். 2021ல வந்த புதுப் பதிப்புல மூட்டத்தை எடுத்துட்டாங்க. மலை மேல ஏறிப் பாத்தா மொத்த மாநிலமும் கொலு பொம்மை மாதிரி காலடியில கிடக்குது. இவ்வளவூண்டு இடத்துலயா நாம மணிக்கணக்கா தொலைஞ்சு போனோம்னு ஆயிடுச்சு. ராக்ஸ்டார் மன்னிப்பு கேட்டாங்க. பழைய வெளிச்சத்தையும் வானத்தையும் திருப்பிக் கொண்டு வர 2024 நவம்பர் வரைக்கும் ஆச்சு.

அப்போ பனி போட்டா எல்லாம் சரியான்னா, இல்லை. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர் பசங்க யாரைக் கேட்டாலும் ப்ராஜெக்ட் ஐஜிஐ-ன்னு சொல்லுவாங்க. 2000ல நார்வேக்காரங்க பண்ணினது. போர் விமான கேமுக்காக எழுதின இஞ்சினை அப்படியே எடுத்துப் போட்டதால, கண்ணுக்கெட்டின தூரம் மலையும் வெட்டவெளியும்தான். அந்த அகலமான நிலத்துல நாம ஒரே ஆளு. நடுவுல சேவ் பண்ணவும் முடியாது. எங்க பெரியப்பா பையன் வேலி ஓரமா படுத்து ஊர்ந்து போறப்ப பின்னாடி நின்னு பாக்கற நாங்க மூணு பேரும் மூச்சு விட மாட்டோம். அங்க பயம் மறைக்கிறதுல இல்லை, எல்லாம் தெரியறதுல இருந்துது. ஆக இது பனி விவகாரம் இல்லை. பாக்கிறவன் மனசை எங்க நிறுத்தறோம்ங்கற விவகாரம்.

இது எனக்கு உறைச்சது 2023ல வெண்பா விளையாடினப்பதான். டொரண்டோல விசை கேம்ஸ்னு நம்மாளுங்க பண்ணினது. 1988ல கனடாவுக்குக் குடிபோன வெண்பா, புருஷன் பாவலன், பையன் கவின். கதைப் புத்தகப் படம் மாதிரி தட்டையான ஓவியம், நிழலைத் துல்லியமா கணக்குப் போடற வேலையெல்லாம் கிடையாது. ஆனா அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு அழிஞ்சிருக்கும், மிச்சத்தை நாமதான் யோசிச்சு நிரப்பணும். முதல் சமையலே இட்லி. தட்டை மாத்தி மாத்தி அடுக்கினாதான் ஓட்டை வழியா ஆவி மேல போகும்னு கண்டுபிடிக்கணும். எங்க வீட்டு இட்லிப் பானை முன்னாடி நின்ன ஞாபகம் சட்டுனு வந்துடுச்சு. 2024ல பாஃப்டா விருதும் ஐஜிஎஃப் பெரிய பரிசும் அதுக்குக் கிடைச்சுது. அங்கயும் பாருங்க, பாதி அழிஞ்ச நோட்டுதான் வேலை செய்யுது.

வீட்டுக்கு வந்து என் கேம்ல கை வெச்சேன். விளக்கெல்லாம் அணைச்சுட்டு சமையல்கட்டுல ஒரே ஒரு குண்டு பல்பு விட்டேன். முற்றத்துல மேலேர்ந்து விழற வெளிச்சம் மட்டும். உள்ரூம் முழு இருட்டு. எனக்கே அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு ஞாபகம் இல்லை, அதனால வரையலை. மேல அப்பப்ப ஒரு விமானம் போற சத்தம்.

நேத்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். மவுசைப் பிடிக்கத் தெரியாது, நான்தான் நகர்த்தினேன். திண்ணையைத் தாண்டினதும் பேச்சை நிறுத்திட்டாங்க. உள்ரூம் வாசல்ல நிறுத்தினேன்.

"உள்ள போடா, அங்கதான் ஆயா படுத்திருப்பாங்க"ன்னாங்க.

உள்ள எதுவும் இல்லைம்மான்னு சொல்ல மனசு வரலை. அங்கயே நின்னுட்டோம், ரெண்டு பேரும்.