அமானிதம் காக்கும் ஏடுகள்

 

 

ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் நம்மில் பலர் வரவு செலவுப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறோம். அது நல்ல வழக்கமே. ஆயினும் பள்ளிவாசலின் செல்வம் ரொக்கத்திலும் வாடகையிலும் மட்டும் இல்லை. அலுவலக அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பழைய காகிதங்களிலும் அது இருக்கிறது. அக்காகிதங்களின் வரலாற்றைச் சிறிது நினைவூட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் வேறோர் ஊரில் இமாமாகப் பணியாற்றியபோது கண்ட நிகழ்ச்சி ஒன்றுண்டு. அவ்வூர் முத்தவல்லி நேர்மையான பெரியவர். கபரஸ்தானின் பத்திரங்களைத் தம் வீட்டுப் பெட்டியில் வைத்துக் காத்துவந்தார். அவர் மறைந்தபின் வீடு கைமாறியது. பெட்டியும் போன இடம் தெரியவில்லை. சில ஆண்டுகளில் கபரஸ்தானின் கிழக்கு எல்லையில் தகராறு எழுந்தது. அது நம் நிலம் என்று சத்தியம் செய்ய ஊரே திரண்டது. எழுத்தில் காட்ட ஒருவராலும் இயலவில்லை. மூன்றாண்டு அலைச்சலுக்குப்பின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துச் சமாதானம் ஆயினர். விட்டுக்கொடுத்த பகுதியில் சிலருடைய பெற்றோரின் கபுருகளும் இருந்தன. அன்று அவர்கள் விட்ட கண்ணீரை நான் மறக்கவில்லை.

கல்லில் எழுதிய அறம்

அறத்தை எழுதி வைக்கும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதியதன்று. நமது தொண்டூர்ப் பாறையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. கி.பி. 3ஆம் நூற்றாண்டினது என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் அவர்கள் கணித்துள்ளார்கள். சமணத் துறவியருக்கு மோசி என்பவர் உறைவிடம் அமைத்துக் கொடுத்த செய்தியை அது கூறுகிறது. செய்தவரும் இல்லை, அங்கு வாழ்ந்த துறவியரும் இல்லை. சுமார் 1700 ஆண்டுகள் கடந்தும் எழுத்து மட்டும் சாட்சியாய் நிற்கிறது.

செஞ்சிக் கோட்டைக்குள் நவாப் சாதத்துல்லா கான் பெயரால் விளங்கும் பள்ளிவாசல் 1717-18இல் கட்டப்பட்டது என்பதை நாம் அறிவதற்கும் அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு துணைநிற்கிறது. அக்கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டைகள் கைமாறின, ஆட்சிகள் மாறின, எழுதப்பட்டது நிலைத்தது.

அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பொறுப்பு

மார்க்கமும் எழுத்தை வலியுறுத்துகிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளுடன் எழுதிக்கொள்வதைப் பற்றியது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் நபிகளாரின் ஆலோசனைப்படி வக்ஃபு செய்தார்கள். அதன் வருமானம் யார் யாருக்குச் சேரவேண்டும், நிர்வகிப்பவர் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டது. பின்னர் முஐகீப் (ரலி) அதனை ஆவணமாக எழுத, அப்துல்லாஹ் இப்னு அர்கம் (ரலி) சாட்சியானார்கள். தமக்குப்பின் அந்த வக்ஃபின் பொறுப்பைத் தம் மகளார் அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் உமர் (ரலி) ஒப்படைத்தார்கள்.

அபூபக்கர் (ரலி) காலத்தில் தொகுக்கப்பட்ட திருக்குர்ஆன் மூல ஏடுகள் இருந்ததும் அதே அன்னையாரின் பாதுகாப்பில்தான். உஸ்மான் (ரலி) அவர்கள் அம்மூலத்தை இரவல் பெற்று, பிரதிகள் எடுத்துப் பல நகரங்களுக்கும் அனுப்பிவிட்டு, மூலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நம்பகமான ஒருவரிடம் மூலம், பல இடங்களில் பிரதி. இன்று ஆவணக் காப்பகங்கள் பின்பற்றும் விதியும் இதுவே.

தலைமுறைக்கு ஒருமுறை வரும் கேள்வி

கர்நாடக நவாபுகள் காலத்தில் பள்ளிவாசல், தர்கா, காஜி ஊழியம் ஆகியவற்றுக்கு இனாம் நிலங்கள் வழங்கப்பட்டன. சிலவற்றுக்குச் சனதுகள் இருந்தன. பல வெறும் அனுபவமாகவே தொடர்ந்தன. ஆங்கிலேய அரசு 1858இல் சென்னை மாகாணத்தில் இனாம் கமிஷனை அமைத்து, ஒவ்வோர் இனாமையும் விசாரித்தது. கொடுத்தவர் யார், எதற்காக, எழுத்து உண்டா, இப்போது அனுபவிப்பவர் யார் என்று பதிவேட்டில் கலம் கலமாகக் குறித்தது. அறப்பணிக்குரிய இனாம்கள், அப்பணி நடக்கும்வரை தொடரும் என்று உறுதி செய்யப்பட்டன. அப்பதிவேட்டின் குறிப்புகளுக்கு மிகுந்த மதிப்புண்டு என்று 1919இல் லண்டன் பிரிவி கவுன்சில் ஒரு தீர்ப்பில் கூறியது. அன்று நம் முன்னோர் அதிகாரியின் முன் சென்று சொன்ன வாக்குமூலம் இன்றும் நீதிமன்றத்தில் பேசுகிறது. சொல்லாமல் விட்டவர்களின் நிலத்துக்காகப் பேச ஆளில்லை.

அத்துடன் கேள்வி முடியவில்லை. 1954ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின்கீழ் சர்வே நடந்தது. 1963இல் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்கள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது நேர்ந்த பெயர்ப் பிழைகளைத் திருத்த இன்றும் மக்கள் தாலுகா அலுவலகம் ஏறி இறங்குகிறார்கள். 1995இல் புதிய வக்ஃபுச் சட்டம். 2009இல் வக்ஃபு வாரியங்களின் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் மத்திய அரசின் திட்டம். 2025 ஏப்ரலில் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூன் 6ஆம் நாள் ‘உமீத்’ என்னும் இணையதளம் திறக்கப்பட்டு, பதிவான வக்ஃபுகளின் விவரங்களை ஏற்ற ஆறு மாதத் தவணை விதிக்கப்பட்டது.

அச்சட்டம் குறித்த சமுதாயத்தின் கவலைகளையும் உச்ச நீதிமன்றத்தில் எழுந்த வாதங்களையும் அறிந்தோர் எழுதியுள்ளனர். நான் கூற விழைவது ஒன்றே. கல்லோ, காகிதமோ, கணினியோ, கருவி மாறும்போதெல்லாம் “உங்கள் எழுத்து எங்கே?” என்ற கேள்வி வந்தே தீருகிறது. அது வந்தபின் தேடத் தொடங்குபவர்களுக்கு அவகாசம் போதுவதில்லை.

நாம் செய்ய வேண்டுவன

முதலாவது, பட்டியல். கணினி வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். பத்திரங்கள், பட்டா, சிட்டா, புலப்படம், வாரியக் கடிதங்கள், தீர்மானப் புத்தகங்கள், நிகாஹ் தஃப்தர்கள், கபரஸ்தான் பதிவுகள் ஆகிய அனைத்துக்கும் எண் இட்டு, எது எங்கே உள்ளது என்று எழுதுவோம். பட்டியல் இல்லாமல் நகலெடுத்தால், அலமாரியில் இருந்த குழப்பம் கணினிக்குக் குடிபெயரும், அவ்வளவே.

இரண்டாவது, நகல். துருப்பிடித்த குண்டூசிகளைப் பக்குவமாக நீக்கி, பின்பக்கத்தில் உள்ள முத்திரைகளும் கையெழுத்துகளும் விடுபடாமல், வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யவேண்டும். பழைய காகிதத்தை லேமினேஷன் செய்வது அதைக் காப்பதாகாது, கெடுப்பதாகும். வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுவிட்டோம் என்று இருந்துவிடுவதும் தகாது. கோப்பின் பெயரிலேயே ஆண்டு, ஆவண வகை, சர்வே எண் இருக்கட்டும்.

மூன்றாவது, இடம். நகல்கள் மூன்று வேண்டும்: அலுவலகக் கணினியில் ஒன்று, தனி வட்டில் ஒன்று, வேறோரிடத்தில் ஒன்று. நிகாஹ் தஃப்தரில் குடும்பங்களின் அந்தரங்கம் உண்டு. அவை எல்லோர் பார்வைக்கும் உரியன அல்ல. யார் திறக்கலாம் என்பதைக் கமிட்டி மஷூராவில் முடிவு செய்து எழுதிவைக்க வேண்டும்.

நான்காவது, மூலம். ஸ்கேன் எடுத்துவிட்டோம் என்று மூலத்தை அலட்சியம் செய்யலாகாது. நீதிமன்றம் முதலில் கேட்பது மூலத்தையே. முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய பாதுகாப்பிலிருந்து வருமாயின், அதன் கையெழுத்தை உண்மையென நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. ‘உரிய பாதுகாப்பு’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். தனியார் வீட்டுப் பெட்டியைவிடப் பள்ளிவாசலின் பூட்டிய அலமாரியே அதற்குப் பொருத்தம். எடுப்பவரும் திருப்பி வைப்பவரும் தேதியிட்டுக் கையொப்பம் இடுவது அவசியம். பதிவான பத்திரத்தின் மூலம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெறலாம். இனாம் பதிவேட்டின் நகலுக்கு எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். பள்ளிவாசல் தொடர்பான காகிதம் எவர் வீட்டிலேனும் இருக்கக்கூடும்; பாட்டனார் முத்தவல்லியாக இருந்தவர், தகப்பனார் கணக்கு எழுதியவர் என்ற குடும்பங்கள் நம்மில் உண்டு. பரணையும் டிரங்குப் பெட்டியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். கிடைப்பதைக் கமிட்டியில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். கணினி தெரிந்த இளைஞர்கள் வாரத்தில் ஓர் அஸருக்குப்பின் ஒரு மணி நேரத்தைத் தந்தால், அடுத்த ஆண்டறிக்கையில் இந்த ஆவணப் பட்டியலும் இன்ஷா அல்லாஹ் இடம்பெறும்.

வக்ஃபு செய்தவர்கள் கபுரில் உறங்குகிறார்கள். அவர்களின் நன்மை தொடர்வது நம் கைகளில் உள்ளது. ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் குறைவின்றி அடுத்த தலைமுறையிடம் சேர்ப்பிக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.