படிக்கட்டு எங்கே இருக்கு?

வானளாவிய கட்டிடம்னா எல்லாரும் வெளிக் கண்ணாடியைத்தான் அண்ணாந்து பார்ப்போம். உள்ளே படிக்கட்டு எங்கே இருக்குன்னு தேடிப் பார்த்திருக்கீங்களா? இந்த இழை அதைப் பற்றித்தான்.

நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள். ஒவ்வொன்றும் 110 மாடி. அதற்குப் படிக்கட்டு எத்தனை தெரியுமா?

வெறும் 3.

நகரின் 1938 விதிப்படி கட்டியிருந்தால் 6 தேவைப்பட்டிருக்கும். 1968ல் வந்த புது விதி 3 போதும்னு சொல்லிடுச்சு. படிக்கட்டுக்கு யாரும் வாடகை தரமாட்டாங்க, அலுவலகத்துக்குத் தருவாங்க. கணக்கு அவ்வளவுதான்.

மூன்றையும் லிஃப்ட்டுகளோடு சேர்த்து கட்டிடத்தின் நடுவில் வச்சாங்க. சுற்றுச்சுவர் கான்கிரீட் கூட இல்லை, ஜிப்சம் பலகை.

நம்ம மூளைக்கு ரத்தம் எடுத்துட்டுப் போக 4 குழாய்கள் இருக்கு. கழுத்தின் முன்பக்கம் 2, முதுகெலும்பை ஒட்டி 2. ஒரே அடியில் நாலும் போயிடாது. கோபுரத்தில் அந்த ஏற்பாடு இல்லை.

1993ல் அங்கே குண்டு வெடித்தபோது படிக்கட்டெல்லாம் புகை, கும்மிருட்டு. அதற்குப் பிறகு பேட்டரி விளக்கு, இருட்டில் ஒளிரும் பெயிண்ட் எல்லாம் வந்தது. 2001ல் இவை ரொம்பவே உதவின. ஆனா படிக்கட்டை இடம் மாற்ற முடியாதே!

2001 செப்டம்பர் 11. வடக்குக் கோபுரத்தில் 93 முதல் 99 வரையிலான மாடிகளில் விமானம் மோதியது. அங்கே 3 படிக்கட்டும் சுமார் 70 அடிக்குள் நெருங்கி இருந்தன. மூன்றும் போச்சு. 92வது மாடியிலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் ஒருவர் கூடப் பிழைக்கவில்லை.

தெற்குக் கோபுரத்தில் மோதியது 77 முதல் 85 வரை. அங்கே படிக்கட்டுகள் சுமார் 200 அடி விலகி இருந்தன. தீ விபத்தை யோசிச்சு இல்லீங்க, லிஃப்ட் இயந்திர அறைக்கு இடம் விட! அதனால் ஒரு படிக்கட்டு தப்பியது. மோதிய மாடிகளிலும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 18 பேர் அது வழியாக உயிரோடு இறங்கி வந்தாங்க.

உயிர் பிழைத்தவர்களில் சுமார் 1000 பேருக்கு இறங்குவதற்கே சிரமம் தரும் உடல்நிலை இருந்தது. சமீபத்திய அறுவை சிகிச்சை, ஆஸ்துமா, உடல் பருமன், கர்ப்பம், முதுமை. ஒரு மருத்துவனாக நான் அதிகம் யோசிப்பது இவங்களைத்தான்.

இதையெல்லாம் ஆராய்ந்த பிறகு, அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றப்படும் மாதிரி விதி 2009ல் மாறியது. 420 அடியைத் தாண்டும் புதுக் கட்டிடத்துக்குக் கூடுதலாக ஒரு படிக்கட்டு வேண்டும், அல்லது ஆபத்து நேரத்தில் மக்கள் இறங்கவே வடிவமைத்த லிஃப்ட் வேண்டும்.

இதில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்துட்டாங்க. வாக்கர் பிடிச்சு நடக்கிற தாத்தா பாட்டி ஆபீஸ்ல இல்லை, வீட்டிலதான் இருக்காங்க.