அல்ஹம்ரா தந்த பாடம்

கட்டடக்கலை கல்லையும் சுதையையும் கையாளும் தொழில் மட்டுமன்று. பிற கலைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசானும் ஆகும். அந்தலூஸ் முஸ்லிம்கள் விட்டுச் சென்ற ஒரு மாளிகை, பல நூற்றாண்டுகளுக்குப் பின் டச்சு மாணவர் ஒருவரின் கலைவாழ்வையே திருப்பிவிட்ட வரலாற்றை ஈண்டு நோக்குவோம்.

மோரிட்ஸ் கார்னேலிஸ் எஷர் 1898இல் ஹாலந்தில் பிறந்தவர். தந்தையார் பொறியாளர். கட்டடக்கலை பயிலுவதற்காக 1919இல் ஹார்லெம் நகரக் கலைப்பள்ளியில் அவர் சேர்ந்தார். அங்கு ஆசிரியராயிருந்த சாமுவேல் டி மெஸ்கிட்டா, மாணவரின் ஓவியங்களைக் கண்ணுற்று, அச்சோவியமே அவருக்குரிய துறை என வழிகாட்டினார். மெஸ்கிட்டா போர்த்துக்கீசிய யூத மரபினர். அவருடைய குடும்பப் பெயருக்கு அம்மொழியில் பள்ளிவாசல் என்பது பொருள். 'மஸ்ஜித்' என்னும் அரபுச் சொல்லே அதன் மூலம். அந்தலூஸின் சுவடு அந்த மாணவரை ஆசிரியரின் பெயரிலேயே எதிர்கொண்டது எனலாம்.

1922இல் படிப்பை முடித்துப் பயணம் புறப்பட்ட எஷர், கிரானடாவின் அல்ஹம்ராவை முதன்முதலாகக் கண்டார். 'செந்நிறத்தாள்' எனப் பொருள்படும் அம்மாளிகை, நஸ்ரீ மரபின் முதல் மன்னர் இப்னுல் அஹ்மர் 1238இல் (ஹிஜ்ரி 635) கிரானடாவைக் கைக்கொண்ட பின் எழத் தொடங்கியது. முதலாம் யூசுபும் அவர் மைந்தர் ஐந்தாம் முஹம்மதும் 14ஆம் நூற்றாண்டில் அதனை அணி செய்தனர். 'வலா ஃகாலிப இல்லல்லாஹ்', அதாவது 'அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை' என்னும் வாசகம் அதன் சுவரெங்கும் மீண்டும் மீண்டும் பொறிக்கப்பட்டுள்ளது. 1492 ஜனவரி 2ஆம் நாள் நகர் கைமாறியது. வாசகம் சுவரில் நிலைத்தது.

1936இல் எஷர் மனைவியாருடன் மீண்டும் அங்கு வந்தார். இருவரும் பல நாட்கள் அமர்ந்து வண்ண ஓடுகளின் கோலங்களைப் பொறுமையுடன் படியெடுத்தனர். ஒரு வடிவம் முடியும் கோட்டிலேயே அடுத்த வடிவம் தொடங்குகிறது. இடையில் வெற்றிடம் என்பதே இல்லை. இத்தகைய கோலங்களின் ஒழுங்குமுறைகள் 17 மட்டுமே என ருஷ்ய அறிஞர் ஃபெதரோவ் 1891இல் நிறுவியிருந்தார். எஷர் கணிதம் கற்றவரல்லர். எனினும் ஓடுகளைப் படியெடுத்தும், தமையனார் காட்டிய படிகவியல் கட்டுரைகளைப் பயின்றும் அவ்வொழுங்கை வசப்படுத்தினார். அதன்பின் இயற்கைக் காட்சிகளை விடுத்து, பறவையும் மீனும் ஒன்றோடொன்று பொருந்தித் தளத்தை நிறைக்கும் படங்களை வரையலானார். 1938இல் அவர் செதுக்கிய 'பகலும் இரவும்' உலகறிந்தது.

அந்தலூஸ் கலைஞர்களிடம் பெற்ற கடனை அவர் மறைக்கவில்லை. ஆயினும், அவர்கள் உயிருருவங்களைத் தவிர்த்தது குறையே என்று வருந்தி எழுதினார். இதனை நாம் ஏற்பதற்கில்லை. அதே மாளிகையின் முற்றத்தில் பளிங்குச் சிங்கங்கள் பன்னிரண்டு நிற்கின்றன. ஒரு மண்டபத்தின் விதானத்தில் மனித உருவங்களும் தீட்டப்பட்டுள்ளன. ஆகவே, உருவம் சமைக்கத் தெரியாமலோ, முற்றிலும் தடையுண்டோ அவர்கள் கோணங்களை நாடினர் என்பது பொருந்தாது. உருவம் கண்ணைத் தன்னிடமே நிறுத்திவிடும். முடிவற்ற கோலமோ கண்ணை அப்பால் அழைத்துச் செல்லும். சுவருக்கு அவர்கள் தேர்ந்தது இரண்டாவதை. முஸ்லிம் கலையில் உருவமே இருந்ததில்லை எனப் பெருமை பேசும் நம்மவரும் அந்தச் சிங்கங்களை நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆசிரியர் மெஸ்கிட்டாவை 1944இல் நாஜிகள் பிடித்துச் சென்று ஆஷ்விட்ஸ் முகாமில் கொன்றனர். ஆளற்ற வீட்டில் சிதறிக் கிடந்த அவருடைய படைப்புகளை எஷர் சேகரித்துக் காத்தார். மாணவர் கடன் அதுவன்றோ! ஆனால் அல்ஹம்ராவில் ஓடு பதித்த கைகள் எவருடையவை என்று நாம் அறியோம். அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு ஒன்றுண்டு. நம் இல்லத்துப் பிள்ளை கோடு கிழிக்க ஆசைப்படும்போது, 'படம் வரைவது நமக்காகாது' என்று கையைத் தட்டிவிடாமல், அளவுகோலையும் கவராயத்தையும் அக்கையில் கொடுப்போமாக.