பக்கவாதம்

தமிழ் முரசும் சிங்கப்பூரின் சுகாதார அறிவிப்புகளும் ‘ஸ்ட்ரோக்’ நோயைப் பக்கவாதம் என்றே எழுதுகின்றன. பேச்சு வழக்கில் ‘வாதம் அடித்துவிட்டது’, ‘ஒரு பக்கம் விழுந்துவிட்டது’ என்பதும் உண்டு. இலங்கைத் தமிழர் பாரிசவாதம் என்பர். பக்ஷம், பார்சுவம் இரண்டும் உடலின் பக்கத்தைக் குறிக்கும் வடசொற்கள். வாதம் என்பது வாத, பித்த, கபங்களில் முதலாவது, அதாவது காற்று.

வேடிக்கை என்னவென்றால், இரத்தக் குழாயைக் குறிக்கும் தமனி என்ற சொல்லிலும் காற்றே இருக்கிறது. ‘தம்’ என்ற வடமொழி வேருக்கு ஊதுதல் என்று பொருள். பிணத்தின் தமனிகள் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்த பழைய கிரேக்கரும் அவை காற்றுக் குழாய்கள் என்றே நம்பினர்.

உண்மையில் பெரும்பாலான பக்கவாதங்களுக்குக் காரணம் மூளைக்குப் போகும் தமனியில் ஏற்படும் அடைப்பு. அடைக்கும் கட்டி கழுத்துத் தமனியிலிருந்தோ இதயத்திலிருந்தோ வரலாம். பெருந்தமனி வளைவிலிருந்தும் வரலாம். மூளைக்குப் போகும் கிளைகள் பிரிவது அந்த வளைவில்தான். அதன் உட்சுவரில் கொழுப்புப் படிவு 4 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் ஆபத்து கூடும். படிவின் மேல் இரத்தம் உறைந்து, துண்டு பெயர்ந்து மேலே ஏறும். உணவுக்குழாய் வழியே செய்யும் எக்கோ பரிசோதனை இதைக் காட்டும்.

இந்தக் கட்டிக்கு ‘உறைவு’ அருமையான சொல்; பாலில் ஊற்றும் உறையின் உறவு. ‘திராம்போஸ்’ என்ற கிரேக்கச் சொல்லும் தயிர்க்கட்டியைக் குறித்ததுதான். பெயர்ந்து போய் அடைக்கும் துண்டான ‘எம்போலஸ்’ஸுக்குத் தக்கை என்பதையே நான் தேர்வேன்.

முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் சிங்கப்பூரில் அழைக்க வேண்டிய எண் 995.