பட்டமின்றி வலை பின்னியவர்கள்

கேகாலை மாவட்டத்தின் புளத்கொகுபிட்டிய தேயிலையும் இறப்பரும் விளையும் மலைப்பகுதி. இத்தகைய தோட்டங்களின் லயங்களில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்புகளோடு கல்வி முடிந்துவிடுவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. 1970களில் அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பின்னரே நிலைமை மெல்ல மாறத் தொடங்கியது. இன்று இணையத்தள உருவாக்கத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பி, பட்டம் இல்லையே எனத் தயங்கும் இளைஞர்கள் தமிழ் இணையத்தின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று.

1991இல் உலகளாவிய வலை பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது, தமிழை அதில் காட்டுவதற்கான பொதுக் குறியேற்றம் எதுவும் நடைமுறையில் இருக்கவில்லை. 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளில் இணையமேறியபோது, தமிழ்ப் பகுதிக்கு வழிசெய்தவர் நா. கோவிந்தசாமி. அவர் ஆசிரியர், சிறுகதை எழுத்தாளர். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கிய கு. கல்யாணசுந்தரமோ சுவிற்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். இருவருமே தமிழுக்குத் தேவையான ஒன்றைச் செய்ய முற்பட்டு, அதற்கு வேண்டிய நுட்பத்தைக் கற்றுக்கொண்டவர்கள்.

இத்தொழிலின் இயல்பும் அதற்கு இடங்கொடுப்பதே. எந்த இணையப் பக்கத்தின் எச்டிஎம்எல் நிரலையும் உலாவியிலேயே திறந்து படிக்கலாம். முதல் தலைமுறையினர் பலர் அவ்வாறே பயின்றனர்.

ஆயினும் ஒன்றை மறைத்தலாகாது. அவ்விருவருக்கும் நிலையான தொழிலும் ஆங்கில அறிவும் இருந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கு இவை எளிதில் வாய்ப்பதில்லை. எனவே கணினியும் இணைப்பும் தமிழ்வழிப் பாடங்களும் தோட்டப் பாடசாலைக்கே வந்துசேர வேண்டும். அவை வந்தால், தன் பாடசாலைக்கென ஒரு பிள்ளை அமைக்கும் முதல் இணையத்தளமே அப்பிள்ளையின் தகுதிச் சான்றாகும்.