குத்து வலுப் பயிற்சி

குத்து வலுப் பயிற்சி என்பது குத்துச்சண்டை வீரரின் குத்து விசையைக் கூட்டுவதற்கான உடற்பயிற்சிகளும் நுட்பப் பயிற்சிகளும் சேர்ந்த தொகுப்பு. விசை புயத்தில் பிறக்கிறது என்பது பரவலான தவறான எண்ணம். பின்காலால் தரையை உந்துவதில் தொடங்கும் விசை, இடுப்பும் உடலும் திரும்பும்போது வளர்ந்து, தோள் வழியே கை முஷ்டியை அடைகிறது. சோவியத் ஆய்வாளர் பிலிமோனவ் குழுவினரின் 1985ஆம் ஆண்டு அளவீட்டில், தேர்ந்த வீரர்களின் குத்தில் கால்களின் பங்கு ஏறத்தாழ 38%. கீழ்நிலை வீரர்களிடம் 16% அளவே. கை தளர்வாகப் பாய்ந்து, படும் கணத்தில் மட்டும் இறுக வேண்டும். முன்கூட்டியே இறுக்கினால் வேகம் குன்றும்.

மணல் மூட்டை குத்துதல், மெடிசின் பால் எனும் கனமான பந்தை எறிதல், பளு தூக்குதல் ஆகியவை முதன்மைப் பயிற்சிகள். தமிழக உடற்பயிற்சி மரபின் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுழற்றல் ஆகியவையும் கால், இடுப்பு, தோள் தசைகளையே வலுவாக்குகின்றன. மணிக்கட்டைக் காக்கக் கையில் துணிப்பட்டை சுற்றிய பின்பே மூட்டையைக் குத்துவர்.

20ஆம் நூற்றாண்டில் வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் முதலிய பரம்பரைகள் எனப்படும் குத்துச்சண்டைக் குழுக்கள் இவ்விளையாட்டை வளர்த்தன. சென்னை வீரர் தேவராஜன் 1994இல் பாங்காக் உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார்.