கடல் கடந்தும் தொடரும் வரி



ஒருவர் பிறந்த நாட்டை விட்டு வேறு நாட்டுக்குப் போகிறார். அங்கே உழைக்கிறார், வீடும் வாங்குகிறார். அவரிடம் வரிக் கணக்குக் கேட்கும் உரிமை எந்த அரசாங்கத்துக்கு உண்டு? வெளிநாட்டில் பிள்ளைகள் வேலை செய்யும் குடும்பங்கள் நம் தோட்டங்களிலும் இருப்பதால், இது நமக்குப் புறம்பான கேள்வி அன்று.

பெரும்பாலான நாடுகள், ஆள் எங்கே வசிக்கிறார், பணம் எங்கே கிடைக்கிறது என்றே பார்க்கின்றன. நம் மலேசியாவிலும் ஓராண்டில் 182 நாள் தங்கினாரா என்பதுதான் முக்கியமான அளவுகோல். அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்று வருமான வரி கேட்பதில்லை. அமெரிக்காவோ அதைத்தான் முதலில் கேட்கிறது.

இதன் வேர் ஒரு போரில் இருக்கிறது. 1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. படைக்குப் பணம் தேவைப்பட்டது. அவ்வாண்டே வருமான வரிச் சட்டம் இயற்றினார்கள். உள்நாட்டில் வசிப்பவருக்கு, 800 டாலருக்கு மேற்பட்ட வருமானத்தில் 3 விழுக்காடு வரி. வெளிநாட்டில் வாழும் குடிமகனுக்கோ, அமெரிக்காவிலுள்ள சொத்திலிருந்து வரும் வருமானத்தில் 5 விழுக்காடு! நாடு தீப்பற்றி எரியும்போது ஐரோப்பாவில் சுகமாக இருப்பவன் கூடுதலாகக் கொடுக்கட்டும் என்ற கோபம் அதில் தெரிகிறது. 1864-இல் இன்னும் ஒருபடி மேலே சென்று, குடிமகனின் வருமானம் உலகில் எங்கிருந்து வந்தாலும் வரி உண்டு என்றார்கள். 1872-இல் அந்த வரி நின்றது. 1913-இல் வருமான வரி நிலையாகத் திரும்பியபோது, இந்த விதியும் கூடவே வந்துவிட்டது. போர் முடிந்து ஏறக்குறைய 50 ஆண்டு ஆகியும் போர்க்காலக் கோபம் சட்டத்தில் தங்கிவிட்டது.

இதை எதிர்த்து ஒருவர் வழக்குத் தொடுத்தார். குக் என்பது அவர் பெயர். பிறப்பால் அமெரிக்கர், மெக்சிகோ நகரில் நிலையாகக் குடியிருந்தவர். அவருடைய வருமானமும் அந்நகரிலிருந்த சொத்திலிருந்தே வந்தது. ஆனாலும் மேரிலாந்தின் வரி அதிகாரி டெயிட், கணக்குக் காட்டச் சொன்னார். ஆட்சேபத்துடனே குக் கணக்குக் காட்டினார். 1,193 டாலர் 38 காசு வரி விதித்தார்கள். முதல் தவணையைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டு வழக்காடினார். ஆளும் அங்கே இல்லை, சொத்தும் அங்கே இல்லை, பிறகு வரி எதற்கு? நமக்கும் நியாயமாகத்தான் படுகிறது. 1924-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடிமகன் எங்கிருந்தாலும் அரசாங்கத்தால் அவனுக்கும் அவன் சொத்துக்கும் நன்மை உண்டு. ஆகவே வரி விதிக்கலாம் என்றார் நீதிபதி மெக்கென்னா. அத்தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

பிறநாட்டில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள 1918-இலும், வெளிநாட்டில் உழைத்து ஈட்டிய கூலிக்குச் சலுகை பெற 1926-இலும் வழி செய்தார்கள். ஆகையால் பலருக்குக் கட்டவேண்டிய வரி ஒன்றுமில்லாமல் போகலாம். ஆனால் பாரம் நிரப்பும் கடமை போகவில்லை. நம் ஊரில் பாரம் என்றால் படிவமும்தான், சுமையும்தான். இங்கே இரண்டும் ஒன்றாகிவிட்டன.

1970-இல் இயற்றிய சட்டத்தின் வழியாக வெளிநாட்டு வங்கிக் கணக்குகளையும் தெரிவிக்க வேண்டியதாயிற்று. 2010-இல் வந்த சட்டம் வெளிநாட்டு வங்கிகளையே அமெரிக்கக் குடிமக்களைத் தேடிப் பிடிக்க வைத்தது. விவரம் தராத வங்கிக்கு அமெரிக்காவிலிருந்து செல்லும் சில வகைப் பணத்தில் 30 விழுக்காடு பிடித்தம். பெற்றோர் அங்கே படித்தபோது பிறந்து, குழந்தையாகவே ஊர் திரும்பியவர்களும் இதில் சிக்கினார்கள்.

லண்டன் மேயராயிருந்த போரிஸ் ஜான்சன் 1964-இல் நியூயார்க்கில் பிறந்தவர். ஐந்து வயதில் அந்நாட்டை விட்டு வந்தவர். லண்டனில் தாம் குடியிருந்த வீட்டை விற்றதற்கு அமெரிக்கா வரி கேட்டது. பிரிட்டனில் அத்தகைய வீட்டு லாபத்துக்கு வரி இல்லை. முடியாது என்று 2014-இல் சொன்னார். 2015-இல், கட்ட ஒப்புக்கொண்டார் என்று செய்தி வந்தது. குடியுரிமையைக் கைவிட்டோர் பட்டியலில் 2017-இல் அவர் பெயர் வெளியாயிற்று. பெரிய மனிதருக்கு வழக்கறிஞர் கிடைப்பார். சாதாரணக் குடும்பத்துக்கு, குடியுரிமையைக் கைவிடுவதற்கான கட்டணமே 2010-இல் 450 டாலர். 2014-இல் அது 2,350 ஆயிற்று.

நம் அண்டை நாடான பிலிப்பைன்சும் ஒரு காலத்தில் கடல் கடந்த தன் மக்களிடம் இவ்வாறே வரி கேட்டது. வெளிநாட்டு வீடுகளில் பணிப்பெண்களாகவும் கப்பல்களில் மாலுமிகளாகவும் உழைப்போர் நிறைந்த நாடு அது. 1997-இல் சட்டத்தைத் திருத்தி, 1998 முதல் அவர்களுடைய வெளிநாட்டு வருமானத்துக்கு வரி வேண்டாம் என்று விட்டுவிட்டது.